எந்தத் தட்டைக் கேட்டீர்கள்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசை பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் தேவாரப் பண்களையோ மும்மூர்த்திகளையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே இருக்கக்கூடும். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "தட்டு என்று போட்டிருக்கிறதே, விருந்தும் உண்டா?" என்று கேட்டார். விருந்து அமைப்பாளர்கள் பொறுப்பு. என் பொறுப்பு இசைத்தட்டு. அதிலும் குறிப்பாக, 1960களிலும் 70களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ராக் ஆல்பங்கள். அவற்றை வைத்துக்கொண்டு ரசிகர்கள் இன்றுவரை போடும் சண்டைகள்.

பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' பெரிதா, 'சார்ஜண்ட் பெப்பர்' பெரிதா? பீட்டர் கேப்ரியல் பாடிய ஜெனிசிஸா, ஃபில் காலின்ஸ் பாடிய ஜெனிசிஸா? சிட் பாரெட் இருந்த பிங்க் ஃபிளாய்டில்தான் உயிர் இருந்தது என்பார் ஒருவர். அவர் போன பிறகுதான் அந்தக் குழு தன் குரலைக் கண்டுபிடித்தது என்பார் இன்னொருவர். தட்டு வந்தபோது வாலிபர்களாக இருந்தவர்களும் பேரப்பிள்ளை வயதுக்காரர்களும் இதில் சரிக்குச் சமமாக மல்லுக்கு நிற்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது பொழுதுபோகாதவர்களின் வம்பளப்பாகத் தெரியும்.

என் கருத்து வேறு. இந்தச் சண்டைகள் நடந்திருக்காவிட்டால், இன்று நாம் கொண்டாடும் ஆல்பங்களில் சில இப்போதுள்ள வடிவில் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டா. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த நம் பதிப்பாசிரியர்களின் வேலையை, எந்தப் பல்கலைக்கழகமும் கேட்டுக்கொள்ளாமலேயே இந்த ரசிகர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். சில ஆல்பங்களை எடுத்துக்கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

ஒரு பக்கம் இருபது நிமிடம்

சண்டைக்கு முன் களத்தைப் பார்த்துவிடுவோம். 1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் 12 அங்குல எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் கிடைத்தாலே பெரிது. எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. ஆறேழு பாடல்களை ஒரு பக்கத்தில் அடுக்கலாம் என்று வந்ததும், எதை முதலில் வைப்பது, எதில் முடிப்பது, தட்டைத் திருப்பிப் போட்டதும் எது ஒலிக்க வேண்டும் என்ற கேள்விகள் பிறந்தன.

இந்த வரிசையில் கலைஞரின் விருப்பத்தோடு தட்டின் இயல்புக்கும் பங்கு உண்டு. தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் ஊசி நடுவை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைந்துகொண்டே போகிறது. வெளி ஓரத்தில் கிடைப்பதில் பாதிகூட உள் ஓரத்தில் கிடைக்காது. அதே அளவு ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கிச் செதுக்க வேண்டியிருப்பதால், நடுவை ஒட்டி வரும் உரத்த பாடல்களில் பிசிறு தட்டும், சிம்பல் போன்ற கூரிய ஒலிகள் மங்கும். அதனால்தான் பல தட்டுகளில் ஆரவாரமான பாடல் பக்கத்தின் தொடக்கத்திலும் மென்மையான பாடல் முடிவிலும் இருக்கின்றன.

ஆல்பம் என்பது பாடல்களை அள்ளிப்போட்ட பை அல்ல; அடுக்கிக் கட்டிய பொருள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அடுக்கு மாறினால் பொருளும் மாறும். மாறியதும் உண்டு.

கடல் தாண்டியதும் காணாமல் போன பாடல்கள்

பீட்டில்ஸ் குழு லண்டனில் 14 பாடல்கள் கொண்ட ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுக்கும். அமெரிக்காவில் அதை வெளியிடும் கேப்பிட்டல் நிறுவனம் அதை அப்படியே அச்சிடாது. 11 அல்லது 12 பாடல்கள் போதும் என்று மற்றவற்றைக் கழற்றிவிடும். பாடலுக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை கொடுக்க வேண்டிய வழக்கம் அங்கே இருந்ததால் இதில் செலவு மிச்சம். கழற்றிய பாடல்களைச் சேர்த்து இன்னொரு தட்டும் போடலாம். இந்தக் கணக்கால், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஆல்பங்கள் கடலின் இரு கரைகளிலும் உலவின.

1965 டிசம்பரில் வந்த 'ரப்பர் சோல்' நல்ல உதாரணம். பிரிட்டிஷ் தட்டின் 14 பாடல்களில் நான்கை அமெரிக்காவில் நீக்கினார்கள். பழைய ஆல்பமான 'ஹெல்ப்'பிலிருந்து இரண்டை எடுத்துச் சேர்த்தார்கள். நீங்கியவற்றில் ஒன்று, பிரிட்டிஷ் தட்டைத் தொடங்கி வைக்கும் துள்ளலான 'டிரைவ் மை கார்'. அந்த இடத்தில் அமெரிக்கரின் காதில் விழுந்தது கிடார் ஒலியோடு நாட்டுப்பாடல் சாயலில் ஓடும் 'ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்'. அதனால் அமெரிக்கத் தட்டு முழுவதுமே மென்மையான, ஒரே மனநிலையில் கட்டிய ஆல்பமாகத் தொனித்தது.

கலிபோர்னியாவில் அதைக் கேட்டவர்களில் ஒருவர் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன். ஒப்புக்குச் சேர்த்த பாட்டு ஒன்றுகூட இல்லாத ஆல்பம் இது, நானும் இப்படி ஒன்று செய்வேன் என்று புறப்பட்டு அவர் உருவாக்கியதுதான் 1966 மே மாதம் வந்த 'பெட் சவுண்ட்ஸ்'. அதைக் கேட்டு வியந்த பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, 'சார்ஜண்ட் பெப்பர்' உருவாக அதுவே பெரிய தூண்டுதல் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பிரையன் வில்சனை உலுக்கியது பீட்டில்ஸ் அடுக்கிய 'ரப்பர் சோல்' அல்ல, விற்பனைக் கணக்குப் பார்த்து கேப்பிட்டல் வெட்டி ஒட்டிய 'ரப்பர் சோல்' என்பதைக் கண்டு சொன்னவர்கள் தட்டின் பின்னுறையை வரி வரியாகப் படிக்கும் ரசிகர்கள். அமெரிக்க வடிவமே மேல் என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. பீட்டில்ஸ் சொல்லாத அடுக்கை எப்படி ஏற்பது என்று கேட்டால், பிரையன் வில்சன் கேட்டதே அதுதானே என்று மடக்குவார்கள். பதில் சொல்வது கடினம்.

1966 ஆகஸ்டில் வந்த 'ரிவால்வர்' பட்ட பாடு இன்னும் மோசம். பிரிட்டிஷ் தட்டின் 14 பாடல்களில் ஜான் லெனன் முன்னின்று பாடியவை ஐந்து, மெக்கார்ட்னி ஐந்து, ஜார்ஜ் ஹாரிசன் மூன்று, ரிங்கோ ஸ்டார் ஒன்று. கேப்பிட்டல் அதற்கு முன்பே வேறொரு தட்டில் மூன்று பாடல்களைப் போட்டுவிட்டது. மூன்றுமே லெனனுடையவை. ஆகவே அமெரிக்க 'ரிவால்வ'ரில் லெனன் பாடுபவை இரண்டே பாடல்கள், ஹாரிசனோ மூன்று பாடுகிறார். குழுவைத் தொடங்கியவர் தன் ஆல்பத்திலேயே விருந்தாளி ஆகிவிட்டார்!

இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க ரசிகர் கையில் இருந்தது இந்த 11 பாடல் 'ரிவால்வர்'தான். 1987இல் சி.டி.யாக வந்தபோது பிரிட்டிஷ் வடிவமே எங்கும் பொது என்று ஆனது. லண்டன் ரசிகரும் சிகாகோ ரசிகரும் அதற்கு முன் ஒரே பெயரைச் சொல்லிச் சண்டை போட்டிருந்தால், அவர்கள் பேசியது இரண்டு ஆல்பங்களைப் பற்றி. ராக் ரசிகர் இருவர் கருத்து வேறுபட்டதும் முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான்: எந்தத் தட்டைக் கேட்டீர்கள்?

சார்ஜண்ட் பெப்பரின் ஏற்றமும் இறக்கமும்

'சார்ஜண்ட் பெப்பர்' 1967 மே கடைசியில் பிரிட்டனில் வந்தது. இரு கரைகளிலும் ஒரே பாடல் வரிசையோடு வெளியான முதல் பீட்டில்ஸ் ஆல்பம் அது. அதன் வரவேற்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கிய முதல் ராக் ஆல்பமும் அதுவே. அட்டைப்படத்தில் பிரபலங்களின் உருவங்களோடு காந்தியடிகளின் உருவத்தையும் வைத்திருந்தார்கள். இந்தியாவில் மனம் புண்படும், விற்பனை கெடும் என்று ஈ.எம்.ஐ. நிறுவனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் அதை நீக்கினார்கள்.

புகழ்மாலைகளுக்கு நடுவே ஒரே ஒரு குரல் மாறி ஒலித்தது. நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற இளம் விமர்சகர், ஒலி வித்தைகளும் அலங்காரமும் மிகுந்து செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளைபோல் ஆகிவிட்டது இந்த ஆல்பம் என்ற பொருள்பட எழுதினார். முந்தைய ஆண்டு 'ரிவால்வ'ரைப் புகழ்ந்து எழுதியவரும் அவரே. வாசகர்கள் கொதித்தெழுந்து கடிதம் எழுதினார்கள். பீட்டில்ஸைப் பற்றி ஒரு விமர்சகர் எழுதி அதற்கு முன் இத்தனை வசவு வாங்கியிருக்க மாட்டார்.

அவர் அன்று தனிமரம். ஆனால் காலம் மெல்ல அவர் பக்கம் நகர்ந்தது. காலின் லார்கின் வாக்கெடுப்பு நடத்தித் தொகுத்த ஆயிரம் ஆல்பங்களின் பட்டியல் நூலில், 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலிடம் 'சார்ஜண்ட் பெப்ப'ருக்கு. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலிடம் 'ரிவால்வ'ருக்கு. ரோலிங் ஸ்டோன் இதழ் 2003இல் வெளியிட்ட 500 ஆல்பங்களின் பட்டியலில் 'சார்ஜண்ட் பெப்பர்' முதலாவது, 'பெட் சவுண்ட்ஸ்' இரண்டாவது, 'ரிவால்வர்' மூன்றாவது. அதே இதழ் 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது 'பெட் சவுண்ட்ஸ்' இரண்டாம் இடத்தில் அசையாமல் நின்றது. 'ரிவால்வர்' பதினொன்றாவது இடத்துக்கு வந்தது. 'சார்ஜண்ட் பெப்பர்' இருபத்து நான்காவது இடத்துக்கு இறங்கியது.

தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. கேட்பவர்கள் மாறினார்கள். 1967இல் அந்த ஆல்பம் ஒரு திருவிழா. அன்றைய செய்தி, உடை, உல்லாசம் எல்லாம் அதோடு சேர்ந்தே ஒலித்தன. அந்த வேனிற்காலம் முடிந்த பிறகு பிறந்தவருக்குப் பாடல்கள் மட்டுமே மிஞ்சின. பாடலுக்குப் பாடல் என்று எடை போட்டால் 'ரிவால்வர்' முந்துகிறது என்று அவர் சொல்கிறார். இதைத் துரோகமாக நினைக்கும் மூத்த ரசிகர்களை நான் அறிவேன்.

அவர்கள் கையில் வலுவான ஒரு வாதமும் உண்டு. 'சார்ஜண்ட் பெப்ப'ருக்கான ஒலிப்பதிவில் முதலில் உருவானவை 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' போன்ற பாடல்கள். விற்பனைக்குத் தனித்தட்டு வேண்டும் என்ற நெருக்கடியில் இந்த இரண்டையும் 1967 பிப்ரவரியில் தனியாக வெளியிட்டு, ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள். தன் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய தவறு அதுதான் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் வருந்தினார். அவை இரண்டும் உள்ளே இருந்திருந்தால் பட்டியல் எப்படி இருக்கும் என்று மூத்தவர் கேட்கும்போது, இளையவர் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்கிறார்.

மோனோவா, ஸ்டீரியோவா

அடுத்த சண்டை நுட்பமானது. 1967இல் பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட மோனோ கருவிகள். அதனால் பீட்டில்ஸ் குழுவினர் கூடவே இருந்து, பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ கலவையைத்தான். ஸ்டீரியோ கலவையைத் தயாரிப்பாளரும் பொறியாளர்களும் பிறகு விரைவாக முடித்துக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் மோனோ வழக்கொழிந்தது. குழுவினர் கவனித்துச் செய்த வடிவம் கடையிலிருந்து மறைந்து, அவர்கள் கவனிக்காத வடிவமே உலகெங்கும் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆயிற்று.

வேறுபாடு காதுக்கு எட்டாத நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். வீட்டைவிட்டுப் போகும் மகளைப் பற்றிய 'ஷீஸ் லீவிங் ஹோம்' பாடலை இரண்டு வடிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மோனோவில் அது வேகமாகவும் சுருதி சற்று ஏறியும் ஒலிக்கிறது. ஸ்டீரியோவில் இழுபட்டு, கண்ணீரில் ஊறியதுபோல் நடக்கிறது. பாட்டு அழுகுணிப் பாட்டு என்று தள்ளிய பலர் கேட்டது ஸ்டீரியோவை. மோனோவில் அதே பாட்டில் ஒரு துடிப்பு இருக்கிறது. மகள் போவதில் நியாயம் இருக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது.

1968இல் வந்த 'ஹெல்டர் ஸ்கெல்டர்' இதற்கு நேர்மாறு. ஸ்டீரியோவில் அது நாலரை நிமிடம் ஓடுகிறது. ஒலி தேய்ந்து, அடங்கியது என்று நினைக்கும்போது மறுபடி கிளம்பி வருகிறது. கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று ரிங்கோ போடும் கூச்சல் புகழ்பெற்றது. மோனோவிலோ பாட்டு முதல் தேய்தலோடு முடிந்துவிடும், கூச்சல் கிடையாது. மோனோ தட்டை வாங்கியவருக்கு அப்படி ஒரு கூச்சல் இருந்ததே தெரிந்திருக்காது.

இந்த வேறுபாடுகளைப் பாட்டுப் பாட்டாகக் குறித்து, பட்டியல் போட்டு, கைமாற்றி, பழைய மோனோ தட்டுகளைத் தேடி அலைந்து, மோனோவைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டவர்கள் ரசிகர்கள். 2009 செப்டம்பரில் மோனோ வடிவங்கள் தனித் தொகுப்பாக வந்தன. 2017இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் 'சார்ஜண்ட் பெப்ப'ருக்குப் புதிய ஸ்டீரியோ கலவை செய்தபோது, பழைய மோனோவையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவின் வேகத்துக்குத் திரும்பியது. ரசிகர்கள் பிடித்த பிடிவாதம் வீண்போகவில்லை.

முப்பதில் எத்தனை?

இனி எனக்கு மிகவும் பிடித்த சண்டைக்கு வருகிறேன். 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குத் தியானம் பழக வந்தார்கள். தியானத்துக்கு நடுவே பாட்டுகள் கொட்டின. அங்கே உடனிருந்த பாடகர் டோனவன், விரல்களால் கிடார் தந்திகளைத் தனித்தனியே மீட்டும் முறையை லெனனுக்குக் கற்றுக்கொடுத்தார். கங்கைக் கரையில் பிறந்த பாடல்கள் பல சேர்ந்து அந்த நவம்பரில் இரட்டைத் தட்டாக வந்தன. வெறும் வெள்ளை உறை, 30 பாடல்கள், ஒன்றரை மணி நேரம். பெயர் 'தி பீட்டில்ஸ்'. ஊர் வைத்த பெயர் 'ஒயிட் ஆல்பம்'.

முப்பதும் தேவையா? ஒரே தட்டாக நறுக்கியிருக்க வேண்டும் என்றார் ஜார்ஜ் மார்ட்டின். நான்கு பக்கம் அதிகம்தான் என்று ஹாரிசனும் பின்னாளில் நினைத்தார். இரண்டு தனி ஆல்பங்களாகப் போட்டிருக்கலாம் என்பது ரிங்கோவின் யோசனை. மெக்கார்ட்னி மட்டும், அது அப்படித்தான், பேச்சை விடுங்கள் என்று அடித்துச் சொன்னார். படைத்தவர்களுக்குள்ளேயே தீராத வழக்கு என்பதால் ரசிகர்கள் உரிமையோடு தீர்ப்பு எழுதுகிறார்கள். ஆளுக்கொரு தாளில், பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்கு மிகாமல், முப்பதிலிருந்து பதினான்கையோ பதினைந்தையோ பொறுக்கி அடுக்க வேண்டும். இதுதான் ஆட்டம்.

நீங்களும் ஆடிப் பாருங்கள். 'வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்', 'டியர் புரூடன்ஸ்', 'பிளாக்பேர்டு', 'ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன்' என்று முதல் ஏழெட்டு விறுவிறுவென்று விழும். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒலித்துணுக்குக் கோவையான 'ரெவல்யூஷன் 9' வெளியே போகும். ஒரு நிமிடம்கூட ஓடாத 'வைல்டு ஹனி பை'யையும் தள்ளிவிடுவீர்கள். இதுவரை எல்லோரும் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் வில்லங்கம்.

மூன்றாம் பக்கத்தின் முடிவைப் பாருங்கள். காதைப் பிளக்கும் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' முடிந்த கையோடு, மூச்சுவிடும் ஓசைபோல் ஹாரிசனின் 'லாங், லாங், லாங்' தொடங்குகிறது. ஹாரிசனின் பாட்டு தனியாகக் கேட்டால் அடக்கமான ஒன்று, பலருடைய பட்டியலில் முதலில் அடிபடுவது. ஆனால் அந்த இரைச்சலுக்குப் பிறகு அந்த இடத்தில் வரும்போது, அது முழுப் பக்கத்துக்கும் கிடைத்த ஆறுதல். அதை நீக்கினால் 'ஹெல்டர் ஸ்கெல்ட'ரின் ஆவேசமும் பாதி குறைந்துவிடும். முதல் பக்கத்தில் 'பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.' பாட்டின் விமான ஓசை தேய்ந்து 'டியர் புரூடன்'ஸின் கிடாருக்குள் கரைகிறது. ஒன்றை எடுத்தால் மற்றதில் ஓட்டை விழும். 'ரெவல்யூஷன் 9' என்ற குழப்பத்தைத் தாண்டி வராதவருக்கு, கடைசியில் ரிங்கோ பாடும் தாலாட்டு வெறும் சர்க்கரைப் பாகு.

இந்த அடுக்கு தற்செயலாக அமைந்ததும் இல்லை. 1968 அக்டோபர் 16, 17 தேதிகளில் லெனனும் மெக்கார்ட்னியும் மார்ட்டினும் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து பாடல் வரிசையை முடிவு செய்தார்கள். நறுக்கிப் பார்க்கும் ரசிகர் இந்த உழைப்பைத் தன் தாளில் தானே கண்டுபிடிக்கிறார். ஆட்டத்தை நேர்மையாக ஆடிய பலர் கடைசியில் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முப்பதும் இருக்கட்டும் என்று மெக்கார்ட்னி பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

வெளிவராத தட்டு

இதுவரை பார்த்தவை இருந்த தட்டைப் பற்றிய வழக்குகள். இல்லாத தட்டைப் பற்றி 37 ஆண்டுகள் நடந்த வழக்கு ஒன்று உண்டு.

'பெட் சவுண்ட்'ஸுக்குப் பிறகு பிரையன் வில்சன் 'ஸ்மைல்' என்ற ஆல்பத்தைத் தொடங்கினார். பாடல் வரிகள் வான் டைக் பார்க்ஸ். ஒரு பாட்டை முழுசாகப் பதிவு செய்யாமல், துண்டு துண்டாகப் பதிவு செய்து பின்னர் கோப்பது வில்சனின் முறை. 1966 அக்டோபரில் வந்த 'குட் வைப்ரேஷன்ஸ்' அப்படிக் கோத்ததுதான். ஆல்பம் முழுவதையும் அப்படிச் செய்யப் புகுந்தவர், குவிந்த துண்டுகளுக்கு நடுவே வழி தெரியாமல் நின்றார். குழுவுக்குள் பிணக்கு, நிறுவனத்தோடு வழக்கு, மனநலச் சிக்கல் எல்லாம் சேர்ந்தன. 1967 மே மாதம் ஆல்பம் கைவிடப்பட்டது.

அதற்குள் கேப்பிட்டல் உறையை அச்சிட்டுவிட்டது. பின்னுறையில் 12 பாடல்களின் பெயர்கள் இருந்தன. சரியான வரிசைக்குத் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளைப் பார்க்கவும் என்று ஒரு குறிப்பும் இருந்தது. அந்த லேபிள் வரவே இல்லை.

ரசிகர்கள் அந்த லேபிளைத் தாங்களே எழுதப் புறப்பட்டார்கள். கள்ளத்தனமாக வெளியே கசிந்த நாடாக்கள், பிற்கால பீச் பாய்ஸ் ஆல்பங்களில் சிதறிக் கிடந்த பாடல்கள், பழைய பத்திரிகைப் பேட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். எந்தத் துண்டு எந்தப் பாட்டைச் சேர்ந்தது, எதற்குப் பின் எது என்று கேசட்டுகளில் தங்கள் தங்கள் 'ஸ்மைல்' கோத்துப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டு கேசட்டுகள் ஒத்துப்போகாது. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு வாதம்.

2004 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பிரையன் வில்சன் 'ஸ்மைல்' முழுவதையும் மேடையேற்றினார். துண்டுகளைக் கணினியில் ஏற்றி, வில்சனும் பார்க்ஸும் முடிவு செய்ய உதவியாக உடன் உட்கார்ந்தவர் டேரியன் சஹனாஜா. வில்சனின் குழுவில் கீபோர்டு வாசித்த அவர், சிறு வயது முதலே பீச் பாய்ஸ் ரசிகர். அந்த ஆண்டே புதிய ஒலிப்பதிவு ஆல்பமாக வந்தது. 2011இல் 1960களின் மூல நாடாக்கள் 'தி ஸ்மைல் செஷன்ஸ்' என்று வெளியானபோது 2004ஆம் ஆண்டு அடுக்கையே பெரும்பாலும் பின்பற்றினார்கள். ரசிகர்கள் அந்த வழக்கை உயிரோடு வைத்திருக்காவிட்டால், நிறுவனத்தின் கிடங்கில் அந்த நாடாக்களைத் தேடி எடுக்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

தட்டில் யார் பெயர்?

ரசிகர்களைப் புகழ்ந்தது போதும். அவர்கள் கண்ணில் படாமல் போனதையும் சொல்ல வேண்டும். யார் பெரியவர் என்று வாதாடியவர்கள், யார் பெயர் விடுபட்டது என்று கேட்கத் தாமதித்தார்கள்.

லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' 1969இல் வந்தது. அதன் கிடார் முழக்கத்தைப் பற்றிப் பேசாத ராக் ரசிகர் இல்லை. கறுப்பினத்து புளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டிலிருந்து அதன் வரிகள் வந்தன என்பதை ஏற்கவைக்க, டிக்சன் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987இல் சமரசம் ஆனது. பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' 1973இல் வந்தது. அதில் வரிகளே இல்லாமல் கதறியும் கொஞ்சியும் பாடிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு கூலி. 2004இல் அவர் வழக்குத் தொடுத்து, 2005இல் சமரசமான பிறகே அந்த இசையை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் ஏறியது.

2020ஆம் ஆண்டு ரோலிங் ஸ்டோன் பட்டியலில் முதலிடம் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', மூன்றாமிடம் ஜோனி மிட்செலின் 'புளூ', நான்காமிடம் ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்'. ராக் செத்துவிட்டது என்று சிலர் புலம்பினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்பவர் கூட்டம் விரிந்தது, வழக்கும் விரிந்தது. 1971இல் வந்த இரண்டு ஆல்பங்களும் 1976இல் வந்த ஒன்றும் மேலே ஏற அவ்வளவு காலம் பிடித்ததுதான் வருத்தம்.

அவையோரே, முடிக்கும் முன் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பிடித்த இசைக்காகத் தாராளமாகச் சண்டை போடுங்கள், ஆனால் ஒழுங்காகப் போடுங்கள். எந்த ஆண்டின் எந்த வடிவத்தைக் கேட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஒரு பாட்டைத் தாண்டிக் குதிக்காமல் முழுப் பக்கத்தையும் கேட்ட பிறகு பேசுங்கள். எதிராளியின் கையில் இருப்பது வேறு தட்டாக இருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் திரையிசைத் தட்டுகள் பெரும்பாலானவற்றில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் உண்டு. வயலின், கிடார், தபலா, புல்லாங்குழல் வாசித்தவர்களின் பெயர்கள் இல்லை. அவர்களைத் தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். இன்ன பாட்டில் இன்னார் வாசித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி, தேதியிட்டு, இந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய உறைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நாளைக்கு வாதாட வருபவருக்கு அவை தேவைப்படும்.